மெத்தைக்கு வாங்கிய பிக்கப்

தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது மெத்தைக் கடைக்காரரின் சொந்தக் கருத்து. மனைவியின் தம்பியிடம் பழைய பிக்கப் வாங்கியபோதும் அவர் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. டயரைக் காலால் உதைத்தார். பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடினார். மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அவன் வாயை அடைத்தார்.

முதல் டெலிவரிக்கு மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஸ்டீயரிங்கை இம்மி அசைத்தால் வண்டி முழம் நகர்ந்தது. ஒரு தும்மல் போட்டார். வண்டி எதிர் வரிசைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொல்லி வாயை ஊதச் சொன்னார். சாராய வாடை எதுவும் வராததால் ஏமாந்துபோய் மறுபடியும் ஊதச் சொன்னார்.

டயரில் காற்று குறைவு என்று கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். கல்லாகும்வரை காற்றடித்தார். வண்டி இன்னும் துள்ளியது. சக்கரங்களின் அலைன்மென்ட் பார்க்கப் போனார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மெஷின் காட்டியதும், மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று அங்கிருந்தவர்களிடம் சண்டை போட்டார். கடைசியில் தானே ஸ்பானரோடு வண்டிக்கடியில் படுத்து, ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை இறுக்கினார். அதற்குப் பிறகு திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மறுத்தது. அடுத்த வளைவில் வண்டி ஒரு பல் மருத்துவரின் பூச்செடிகளுக்குள் போய் நின்றது.

அங்கிருந்து மனைவிதான் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். வந்தவர் முதலில் திருகைத் தளர்த்தினார். பிறகு பத்தடி தள்ளி நின்று வண்டியைப் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்தார்.

"பின்பக்கம் வானத்தைப் பாக்குது, மூக்கு மண்ணைப் பாக்குது. பின்னாடி பாரம் தாங்குற கமான் பட்டையை அதிகமாப் போட்டது யாரு?"

கடைக்காரர் அப்போதுதான் கவனித்தார். ஆனாலும், அதற்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

"சைக்கிள் ஹேண்டில்பார் தண்டு பின்னால சாய்ஞ்சிருக்கு இல்ல, அதனாலதான் கையை விட்டாலும் நேரா போகுது. இதுலயும் முன்சக்கரத்துக்கு அந்தச் சாய்வு உண்டு. பின்னாடி தூக்கினா சாய்வு போயிடும். அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே பக்கவாட்டுல ஓடும்."

மனைவி தம்பியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "நான் செங்கல் ஏத்தினேன்க்கா. பாரம் இருந்தா பின்பக்கம் அமுங்கிடும், நூல் பிடிச்ச மாதிரி போகும். மாமா மெத்தை ஏத்துறார். அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

கூடுதல் பட்டைகளைக் கழற்றினால் போதும் என்றார் மெக்கானிக். கழற்றினால் மச்சினன் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று கடைக்காரருக்கு நெஞ்சு எரிந்தது. பாரம்தானே வேண்டும் என்று மணல் மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் மெத்தைகளைப் போட்டார். வண்டி உண்மையாகவே நேராகப் போனது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

ஒரு விடுதிக்காரர் வாங்கிய நான்கு மெத்தைகள் அந்த மூட்டைகள் மேல்தான் போயின. வழியில் ஒரு மூட்டை பிரிந்திருந்தது. முதல் ராத்திரி தங்கியவர்கள் விடியும்வரை சொறிந்துகொண்டிருந்தார்களாம். மெத்தைகள் திரும்பி வந்தன. விடுதிக்காரர் வேறு கடைக்குப் போனார்.

மனைவி சாவியை எடுத்தாள், வண்டியை மெக்கானிக்கிடம் விட்டாள், பட்டைகளைக் கழற்றவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். இப்போது டெலிவரிக்கு அவள்தான் போகிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளைவு வருகிறது, வளைவு வருகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

திரும்பி வந்த மெத்தைகள் எவ்வளவு தட்டியும் விலை போகவில்லை. ஒன்றைப் படுக்கையறையில் போட்டிருக்கிறார்கள். மணல் முதுகுக்கு நல்லது என்று அவர் அதில் தனியாகப் படுக்கிறார்.