உப்புத்தண்ணீர் ஊசி

அஸ்பாசியா டீச்சர் தன் வலிக்கும் மதிப்பெண் போட்டார். முப்பத்தெட்டு வருடம் கணக்கு நடத்தியவர். யாருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. எனக்கு மூன்று போட்டிருக்கிறார். இப்போது எலும்பில் புற்றுநோயோடு எங்கள் வார்டில் கிடந்தார். நான் அங்கே நர்ஸ். டாக்டருக்குப் படிக்கப் போய் மூன்றாம் வருடத்தில் ஓடி வந்தவன்.

"வலி பத்துக்கு எத்தனை, டீச்சர்?"

"ஏழு. எழுதிக்கோ. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு, ஹுஷானு."

மார்ஃபின் ஊசி போட்டால் இரண்டுக்கு இறங்கும்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மார்ஃபின் தீர்ந்தது. மருந்துக் கிடங்குக்காரர் சாவியோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைதான் வருவார். மூத்த நர்ஸ் வியோரிகா ஊசியில் உப்புத்தண்ணீரை ஏற்றி என்னிடம் நீட்டினார்.

"மூஞ்சிய ஒழுங்கா வச்சுக்கிட்டுப் போடு. வேற வழி தெரிஞ்சா சொல்லு."

போட்டேன். கால் மணி நேரத்தில் டீச்சர் நான்கு என்றார். பண்டிகைக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டை ஒன்றை உரித்துத் தின்றார்.

படிப்பில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் இது. மூளையின் அடியில், கழுத்துக்கு மேலே, தண்டு போல ஒரு பகுதி இருக்கிறது. உடம்பிலிருந்து ஏறிவரும் வலியை மறிக்கச் சொல்லி அங்கிருந்து முதுகுத்தண்டுக்கு உத்தரவு இறங்கும். மருந்து வந்துவிட்டது என்று நம்பினாலே இறங்கும். பயந்தால் நேர்மாறு. வலியை இன்னும் பெருக்கி மேலே அனுப்பும்.

ஞாயிறு மத்தியானம் டீச்சர் அழுதார்.

"ஊசி இல்லாம ஒரு நாள் இருக்க முடியல. போதைக்காரி ஆயிட்டேன், பாரு."

ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். படித்ததைக் காட்டும் ஆசையும் இருந்தது.

"போதையும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். நேத்துலேர்ந்து உங்களுக்குப் போடறது வெறும் உப்புத்தண்ணி. வலிய நிறுத்தினது உங்க மூளையேதான்."

அவர் என்னையே பார்த்தார்.

"தண்ணியா?"

சாயங்கால ஊசிக்குப் பிறகும் எட்டு. திங்கள் காலை பத்து என்றார். சொல்லிவிட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டார்.

"மூணு வருஷம் படிச்சியே, வாய மூடிக்கிற பாடம் மட்டும் நடத்தலையா?" என்றார் வியோரிகா.

செவ்வாய்க்கிழமை மார்ஃபின் வந்தது. டீச்சரின் கண்ணெதிரே குப்பியை உடைத்தேன். பெயரைக் காட்டினேன்.

"லேபிள் யாரு வேணா ஒட்டலாம்."

"நிஜ மருந்து டீச்சர். எங்கம்மா மேல சத்தியமா."

"சனிக்கிழமையும் இதே மூஞ்சியோடதான வந்த?"

பழைய அளவுதான் போட்டேன். ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். ஆறு. இன்னும் கூட்டினால் மூச்சு நின்றுவிடும் என்று கையை விரித்துவிட்டார். என்னை விலக்கி, டீச்சருக்கு அறிமுகமே இல்லாத ஒரு நர்ஸ் பெண்ணை ஊசி போட அனுப்பிப் பார்த்தோம். அவளுடைய கையையும் பிடித்து நிறுத்திக் கேட்டாராம்:

"இதுல என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு பதினோரு நாள் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு ஊசிக்கும் அதையே கேட்டார்.