முப்பத்தெட்டு

கணக்கு டீச்சர் அந்தப் பெண்ணுக்குப் போட்டிருந்த மதிப்பெண் முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும். வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிக் கணக்குப் போடுவதால் அவளுக்கு வகுப்பில் முணுமுணு என்று பெயர். தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். ஆனால் தேறியிருந்தாள்.

பிரின்சிபால் மதிப்பெண் பட்டியலில் எட்டுப் பெயர்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார்.

"இவங்க எல்லாரையும் ஒம்பதாவதுலயே நிறுத்திடுவோம் டீச்சர். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. நம்ம நூறு சதவீத ரிசல்ட் கெட்டுப்போயிடும். இருபத்தொம்பது, முப்பதுன்னு மாத்திக் குடுங்க. பேரன்ட்ஸே டிசி வாங்கிட்டுப் போயிடுவாங்க."

"பாஸ் பண்ணின பிள்ளைங்களை ஃபெயில்னு எப்படி சார் எழுதறது?"

"பேனாவாலதான்."

"என் பேனா அப்படி எழுதாது சார்."

அவர் சிரித்தார். அத்தோடு விட்டுவிட்டார் என்று டீச்சர் நினைத்தார்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அலுவலகத்திலிருந்து அச்சாகி வந்த ரேங்க் கார்டுகளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. முணுமுணுவுக்குக் கணக்கில் இருபத்தொன்பது. மற்ற ஏழு பேருக்கும் அதே கதிதான். கீழே டீச்சரின் பெயர் வேறு அச்சாகியிருந்தது.

முதலில் வந்தவர் முணுமுணுவின் அப்பா. வெல்டர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டையில் நெருப்புப் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

"ஃபெயிலா டீச்சர்?" கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பரவால்ல. படிப்பு ஏறலன்னா என்ன பண்றது? இவ அம்மா தையல் கடையில சேத்துவிடலாம்னு சொல்லிட்டிருக்கா."

அதைக் கேட்டதும் டீச்சர் எழுந்தார். ஆண்டுத் தேர்வு விடைத்தாளைப் பெற்றோரிடம் காட்டக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். அலமாரியைத் திறந்து கட்டை அவிழ்த்து, முணுமுணுவின் தாளை அவர் முன் வைத்தார்.

"நீங்களே கூட்டிப் பாருங்க."

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க."

"நம்பர்தானே. கூட்டுங்க."

கறுத்த விரல் ஓரத்து எண்கள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. கூடவே மகளின் முணுமுணுப்பு. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. அவர் திரும்ப முதல் பக்கத்துக்குப் போய் இன்னொரு முறை கூட்டினார்.

"முப்பத்தெட்டு வருதே டீச்சர்."

"நான் போட்டது அதுதான். கார்டுல இருக்கறது நான் போட்டதில்ல."

வெல்டர் கார்டை மூடினார். "அப்ப இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்." குரலை உயர்த்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

வரிசையில் நின்ற ஓர் அம்மா, "என் பையன் தாளையும் காட்டுங்க" என்றார். பின்னாலிருந்தவர்களும் கேட்டார்கள். டீச்சர் கட்டு முழுவதையும் மேஜையில் பரப்பினார். சற்று நேரத்தில் வகுப்பறையே வாய்விட்டுக் கூட்டல் போட்டது.

சத்தம் கேட்டு வந்த பிரின்சிபால் வாசலிலேயே நின்றுவிட்டார். "டீச்சர், கொஞ்சம் என் ரூமுக்கு வாங்க."

"மீட்டிங் முடியட்டும் சார்."

வெல்டர் பிரின்சிபாலை ஏறிட்டுப் பார்த்தார். "புதுக் கார்டு எப்ப சார் வரும்? நான் இருந்து வாங்கிட்டே போறேன்."

அன்று மாலைக்குள் எட்டுக் கார்டுகளும் மறுபடி அச்சாயின. எட்டுப் பேரும் பத்தாவதுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை டீச்சருக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்ட இடத்தில் அவர் எழுதியது இரண்டே வரி: 'விடைத்தாள்களைப் பெற்றோரிடம் காட்டினேன். கேட்டால் இனியும் காட்டுவேன்.'

பிரின்சிபால் அதைப் படித்து மேஜைமேல் போட்டார். "மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதுங்க. இதோட முடிச்சிக்கலாம். இல்லன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு மூணாம் கிளாஸ்தான்."

"எந்த செக்ஷன் சார்?" என்று கேட்டார் டீச்சர்.