அம்மாவின் போனில் வராத குரல்

"படம் வருது, சத்தம் வரல."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துப்போயிருந்தது. சிலர் மாற்றிச் சொல்வார்கள், சத்தம் வருது, படம் வரல என்று. இன்னும் சிலருக்கு இரண்டும் வரும், ஆனால் வாய் ஒரு நேரம் அசையும், பேச்சு இன்னொரு நேரம் கேட்கும். எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த அவன் கடையில்தான். அதைக் கடை என்று சொல்வதே பெரிய மனசு. ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் நிற்கத்தான் இடம் உண்டு. பெரிய கேமராவில் எடுத்த படத்தைச் சின்னப் போனில் ஓடும்படி மாற்றித் தருவது அவன் தொழில். அந்தக் கட்டடம் முழுக்க அவனுக்குக் கன்வெர்ட்டர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவனே திரும்பிப் பார்ப்பான்.

போனை நீட்டுகிறவர்கள் ஒரு குற்றச்சாட்டோடுதான் நீட்டுவார்கள். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு" என்பார்கள். படமே இன்று காலையில் வந்ததாக இருக்கும். "நான் ஒண்ணுமே பண்ணல, படத்தோட பேருக்குப் பின்னாடி புள்ளி வெச்சு இருக்கிற மூணு எழுத்தை மட்டும் மாத்தினேன்" என்றார் எதிர்ச் சந்துத் தையல்காரர். அட மகராசா, சட்டையை மாற்றினால் உள்ளே இருக்கிற ஆள் மாறிவிடுவானா? அவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? வாங்கி வைத்துக்கொண்டான். படத்தின் அளவைச் சுருக்க வேண்டும், ஒலியை அந்தப் போனுக்குப் புரிகிற வகைக்கு மாற்ற வேண்டும், பிறகு கணினியில் நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து போவதைக் கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருஷக் கணக்கில் அவன் வாழ்க்கை அந்தக் கோட்டோடுதான் ஊர்ந்துகொண்டிருந்தது.

எதிரே சாவி வெட்டும் கடை. இயந்திரம் காலையில் கிறீச்சிடத் தொடங்கினால் சாயங்காலம்தான் ஓயும். தலைக்கு மேலே படியில் ஓயாமல் செருப்புச் சத்தம். அந்த இரைச்சலில் போனின் ஒலியைச் சோதித்துப் பார்ப்பது நடக்கிற காரியமா? அதனால் எந்தப் போன் வந்தாலும் ஹெட்போனை மாட்டித்தான் கேட்பான். குரல் வருகிறதா, வருகிறது, எடு அடுத்ததை. என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டான். பிறந்த குழந்தையின் அழுகையும் ஆண்டுவிழாப் பேச்சும் அவனுக்கு ஒன்றுதான்.

இப்படிப்பட்டவன் கையில்தான் அவன் அப்பாவின் குரலும் வந்து சேர்ந்தது.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் கூறியவர். வெளியே தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். வீட்டில் பேச்செல்லாம் அம்மாவுடையது. குழாய் ஒழுகியதிலிருந்து பக்கத்து வீட்டு மருமகளின் கோபம் வரைக்கும் அம்மா சொல்லிக்கொண்டே போவாள், அப்பா "ம்" கொட்டுவார். அந்த "ம்" ஒன்றை வைத்தே இருவரும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருந்தார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "குரல் போறதுக்கு முன்னாடி ஒரு வீடியோவாவது எடுத்து வெச்சுக்கலாம்ணா" என்று அழுதவள் தங்கச்சி. எடுத்தது அவள் புருஷன். கூட்டங்களையும் பள்ளிக்கூட விழாக்களையும் படம் எடுக்கிறவர் அவர். சட்டையில் குத்துகிற மைக், விளக்கு, மூன்று கால் ஸ்டாண்டு என்று எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். அம்மா அப்போது உள்ளறையில் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவளைக் கூப்பிடாதீங்க, அவ முன்னாடி எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு, அப்பா கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை பேசினார். மாப்பிள்ளை அதோடு விடாமல் பின்னால் மெல்லிசை ஒன்றையும் சேர்த்து அழகு பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரியில் காவல் இருந்த நாளில், பிள்ளைகள் எல்லாரும் மாப்பிள்ளை வீட்டு மடிக்கணினியில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அழுதார்கள். அம்மாவுக்கு அவள் போனிலேயே போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள்.

அம்மாவின் போன் அரதப் பழசு. மாப்பிள்ளையின் படம் அதில் திறக்கவே இல்லை. அவன்தான் மாற்றிப் போட்டுக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு போனவள் மறுநாளே கூப்பிட்டாள்.

"டேய், பாட்டு கேக்குது. உங்கப்பா வாய் அசையுது. பேச்சு மட்டும் கேக்கலடா."

"வால்யூமை ஏத்தினியாம்மா?"

"முழுசா ஏத்திட்டேன். பாட்டுதான் காதைப் பொளக்குது."

வாங்கி, மறுபடி மாற்றினான். ஹெட்போனில் கேட்டான். குரல் கணீரென்று இருந்தது. அனுப்பினான். திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அவனுக்கு எரிச்சலே வந்துவிட்டது. ஊரில் இருக்கிறவர்கள் உயிரை வாங்குவது போதாதென்று வீட்டிலிருந்துமா?

"நல்லாத்தாம்மா கேக்குது! மாப்பிள்ளை வீட்டுலயும் கேக்குது, என் கடையிலயும் கேக்குது. உன் ஒருத்திக்கு மட்டும் கேக்கலன்னா நான் என்ன பண்றது?"

மறுமுனையில் அம்மா, "அப்போ என் காதுதான் போயிடுச்சு போல" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. வயதானால் காது மந்தமாவது உலகத்தில் இல்லாததா? தங்கச்சியும் ஆமாம் என்றாள். சில காதுக்குச் சில குரல் மட்டும் எட்டாதாம் என்று எங்கோ கேட்டதை மாப்பிள்ளை எடுத்துவிட்டார். இசை கேட்கிறது, குரல் கேட்கவில்லை என்றால் வேறென்ன? எல்லாருமாகச் சேர்ந்து அம்மாவைச் செவிடாக்கி முடித்தார்கள்.

அதிலிருந்து அம்மா பேச்சைக் குறைத்தாள். முதலில் போனில் குறைந்தது, பிறகு வீட்டிலும் குறைந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றே போனது. ஏன் என்று தங்கச்சி கேட்டதற்கு, "காது கேக்காதவங்க தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாங்க. அவர் வாயே திறக்க முடியாம உக்காந்திருக்கார். பக்கத்துல உக்காந்து நான் கத்திக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாளாம். வீட்டில் பாத்திரச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மட்டும் மிஞ்சின. அவனும் அதைக் கவனித்தான். கடையை மூடிவிட்டு அலுத்துப்போய் அவர்களைப் பார்க்க வருகிறவனுக்கு, உண்மையைச் சொன்னால், அந்த அமைதி சுகமாகக்கூட இருந்தது.

எழுதிக் காட்ட எழுத்து தெரியாத மனிதர் என்றாலும் அப்பா மட்டும் விடவில்லை. யார் வந்தாலும் போனைக் காட்டுவார், வெள்ளைத் துணி சுற்றிய தன் கழுத்தைத் தொடுவார், இல்லை என்று கையை ஆட்டுவார். "குரல் போயிடுச்சுன்னு வருத்தப்படறார்" என்று தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஒளித்துவைப்பாள். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

காது மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப்போக வேண்டியதற்கு முந்தின நாள், கடைக்கு விடுமுறை. மதியம் அவன் அம்மா வீட்டுக் கூடத்தில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மருத்துவர் கேட்டால் காட்ட வேண்டுமே என்று அம்மாவின் போனில் அந்தப் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். பழக்கதோஷம், கை தானாக ஹெட்போனை எடுத்து மாட்டியது. குரல் கேட்டது. ம், எல்லாம் சரி.

அப்பா அவனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் காட்டினார். கழுத்தைத் தொட்டார். கையை ஆட்டினார்.

"விடுப்பா. வருத்தப்பட்டு என்ன ஆகப்போகுது?"

அப்பாவுக்கு வந்ததே கோபம்! எட்டி அவன் காதிலிருந்த ஹெட்போனை ஒரே இழுப்பாக இழுத்தார். இழுத்த வேகத்தில் வயர் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பழைய போன், வயர் போனாலும் படம் நிற்காது. போனின் சொந்த ஸ்பீக்கரில் ஒலி தொடர்ந்தது.

மாப்பிள்ளையின் மெல்லிசை வந்தது. அப்பாவின் வாய் அசைந்தது. பேச்சு இல்லை.

அவன் வயரைச் செருகினான், குரல் வந்தது. பிடுங்கினான், இல்லை. அப்பா தன் காதுகளைத் தொட்டுக் காட்டி, போனைக் காட்டி, கழுத்தைக் காட்டி, கையை ஆட்டினார். அந்த மனிதர் இத்தனை மாதமாகச் சொன்னது ஒரே ஒரு விஷயம். அவன் கடையில் தினமும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே வாக்கியம்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டான்.

"மாப்ள, அன்னிக்கு அந்த மைக்கை கேமராவுல எந்த வயர் போட்டு மாட்டினீங்க?"

"வழக்கமான வயர் வீட்டுல தங்கிடுச்சு மச்சான். பையில வேற ஒண்ணு இருந்துச்சு, அது பொருந்திச்சு, போட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

பொருந்திச்சாம்! பொருந்தியதுதான் வினை. அந்த வயரில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே குரல்தான் பதிவாகும், ஆனால் ஒன்றுக்கொன்று நேர் தலைகீழாக. ஹெட்போனில் இந்தக் காதுக்கு ஒன்று, அந்தக் காதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போவதால் குறை தெரியாது. மடிக்கணினியிலும் இரண்டு ஸ்பீக்கர், அங்கேயும் தப்பித்துவிடும். அம்மாவின் போனில் இருப்பதோ ஒரே ஒரு ஸ்பீக்கர். இரண்டு பக்கத்தையும் அது ஒன்றாகச் சேர்க்கும்போது, ஒரு வாளியை இருவர் ஆளுக்கொரு திசையில் சமபலத்தோடு இழுத்தால் வாளி நகராதது மாதிரி, குரலும் வெளியே வராமல் நின்றுவிடும். அந்த வயர் வழியாக வராமல் பிறகு சேர்த்த இசை மட்டும் தப்பித்துக்கொள்ளும்.

பையிலிருந்த தன் மடிக்கணினியை அங்கேயே திறந்தான். வேலை ஒன்றும் பெரிதில்லை. வலது பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இடது பக்கத்தையே இரண்டு பக்கமும் போட்டால் தீர்ந்தது. இந்தச் சின்ன வேலைக்காகவா அம்மாவைக் காது மருத்துவர் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம் என்று நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது. நீலக் கோடு ஊர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கோட்டைப் பார்க்க அவனுக்குப் பயமாகவும் இருந்தது.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போனைக் கொடுக்காமல் போனை அப்படியே அவள் கையில் வைத்தான்.

"இப்போ கேளும்மா."

அப்பாவின் குரல் வந்தது. ஏலக் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"வெளியில கத்தினதெல்லாம் போதும். வீட்டுல எப்பவும் பேசினது நீதான். இனிமேலும் நீயே பேசு. நான் 'ம்' சொல்ல முடியாமப் போனாலும் கேட்டுக்கிட்டுதான் இருப்பேன். என்கிட்ட பேசறத மட்டும் நிறுத்திடாத. வீடு அப்படி இருந்தா என்னால தாங்க முடியாது."

"மறுபடி போடு" என்றாள் அம்மா. போட்டான். இரண்டாவது தடவை முடிந்ததும் போனை மேஜையில் வைத்தாள்.

"உன் காதுல ஒண்ணும் இல்லம்மா. வயர்ல தப்பு. நாளைக்கு டாக்டர்கிட்ட போக வேண்டாம்" என்றான் அவன், எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று.

"இதை நீங்க எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம்மா. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே."

"நீ?"

"நானும்தான். மூணு தடவை மாத்திக் கொடுத்தேனே."

"எனக்குக் கேக்கலன்னு நான் சொன்னப்போ, உங்கப்பா இப்படிச் சொல்லியிருக்கார்மான்னு ஒருத்தர் வந்து சொல்லக் கூடாதா? அவருக்குத்தான் குரல் போச்சு. உங்களுக்கெல்லாம் என்னடா கேடு?"

சொல்லியிருக்கலாம். போனில் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. குரல் வருகிறதா என்று பார்த்தானே ஒழிய, அந்தக் குரல் யாருக்கு என்ன சொல்கிறது என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. அம்மாவுக்கு வர வேண்டிய பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் காதைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். அதனால் யாருக்கு என்ன லாபம்?

அம்மா ஒரு முக்காலியை இழுத்து, அப்பாவின் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"என்னங்க, பக்கத்து வீட்டு மருமக கோவிச்சுக்கிட்டுப் போனாளே, அவ திரும்பி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல பாருங்க. வந்தவ சும்மா வரல…"

அப்பா கண்ணீர் வழிய வழியத் தலையாட்டினார். அம்மா ஒரு கையால் அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். அவனுக்கு உட்காருவதா போவதா என்று தெரியவில்லை.

"நீ கிளம்பு" என்றாள் அம்மா, அவன் பக்கம் திரும்பாமலே. "போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டுப் போனான்.