கட்டிலுக்கடியில் தூறல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இளவரசு மடியில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். டப்பாவின் மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். பவானி திறந்து பார்த்தாள். உள்ளே கோதுமைத் தவிடு. விரலால் லேசாகக் கிளறியதும் தவிடு தானாகவே நெளிந்தது.

"மாவுப்புழு" என்றான் இளவரசு, குரலைத் தாழ்த்தி. "பெரிய மீன் வளக்குறவங்க, கூண்டுல குருவி வெச்சிருக்கறவங்க எல்லாம் இதத்தான் கேக்குறாங்க. மெட்ராஸ்லேருந்து பார்சல்ல வர்றது பாதி செத்துப்போயில்ல வருது. வீட்டுலயே வளக்கலாமாம். உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி, நீ பாத்துக்கிறியா?"

மஞ்சக்குப்பத்தில் அவனுக்கு வண்ணமீன் கடை. வீடு சிதம்பரத்தில், மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். தினமும் காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். வீட்டில் அவன் மனைவி பவானியும் அவன் அம்மா தைலம்மாளும்தான்.

"அத்த பாத்தா என்ன சொல்லுவாங்க மாமா?"

"சொல்லாத. அரிசில ஒரு வண்டு பாத்தாலே அம்மா மூட்டையத் தூக்கி வாசல்ல போட்டுடும்."

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் மாமியார் படுக்கும் இரும்புக்கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அங்கே சிமெண்டுத் தரை கோடையிலும் சில்லென்றிருக்கும். பவானி அகலமான தட்டுகளில் தவிட்டைப் பரப்பி, புழுக்களை விட்டு, ஈரத்துக்கு கேரட் துண்டுகளைப் போட்டாள். எறும்பு ஏறாமலிருக்க தட்டுகளை முக்காலியில் அடுக்கி, முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். கட்டில் விளிம்பிலிருந்து தரைவரைக்கும் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டாள்.

முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் தட்டில் புழுவுக்குப் பதிலாக வேறொன்று கிடந்தது. பால் நிறம். கண் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. கால்களை நெஞ்சோடு மடித்துக்கொண்டு, குளிருக்குப் போர்வை கேட்கிற குழந்தைபோல ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்தாள். வயிற்றுப் பக்கம் மட்டும் மெல்ல ஒரு தரம் திரும்பியது, தூக்கத்தில் புரளுகிற மாதிரி. அதற்குள்ளே என்ன கனவு ஓடும் என்று யோசித்தபடி பவானி அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதிலிருந்து வண்டு வந்தது. பிறந்தபோது வெள்ளை, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. கறுத்தவற்றைத் தனித்தட்டில் விட்டாள். அந்தத் தவிட்டில் கொஞ்ச காலத்தில் தலைமுடி கனத்தில் புதுப்புழுக்கள் ஓடின. மாமியார் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து தட்டுகளை இழுத்து, சல்லடையில் சலித்து, புதுத் தவிடு மாற்றுவாள். புழுக்கள் பெருகின. பெரிதானவற்றை டப்பாவில் நிரப்பி இளவரசுவிடம் கொடுத்தனுப்பினாள்.

பெருகப் பெருக அவற்றுக்கு ஒரு சத்தமும் வந்தது. ஆயிரமாயிரம் கால்கள் தவிட்டின் மேல் ஊரும் சத்தம். வீடு அமைதியாக இருக்கும்போது மட்டும் கேட்கும்.

"பவானி, மழ தூறுது. கொடில துணி கெடக்குது பாரு" என்றாள் தைலம்மாள் ஒரு மத்தியானம், கண்ணைத் திறக்காமல்.

பவானி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். சித்திரை வெயில் பொரிந்துகொண்டிருந்தது. துணிகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"நின்னுடுச்சி அத்த."

"ம்" என்று சொல்லிவிட்டு தைலம்மாள் திரும்பிப் படுத்தாள்.

இது வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டுப் படுத்தால் முன்பெல்லாம் முழங்கால் வலியில் முனகிக்கொண்டே கிடப்பவள், இப்போது தலை சாய்த்ததும் தூங்கினாள். எழுந்ததும் முகம் தெளிந்திருக்கும். "கெடிலம் ஆத்துல தண்ணி போறாப்பல கனவு. நான் பாவாட கட்டிக்கிட்டு நடுவுல நிக்கிறேன், பாத்துக்க" என்பாள். பவானி சிரித்துக்கொண்டே கட்டிலடிப் புடவையை இழுத்துவிடுவாள்.

ஒரு நாள் பவானி மளிகைக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது தைலம்மாள் வாசற்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சி அத்த?"

"துணி எடுக்கலாம்னு நானே போனேன்டி. மண்ணு காஞ்சி கெடக்குது. உள்ள வந்து படுத்தா மழ பேயுது. வெளில போனா வெயிலு, உள்ள வந்தா மழ. எனக்குக் காது கெட்டுப்போச்சா, புத்தி கெட்டுப்போச்சா? எங்க அப்பாவுக்கும் கடைசில இப்பிடித்தான், இல்லாததெல்லாம் கேட்டுச்சி."

அதற்குமேல் பவானியால் மறைக்க முடியவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், புடவையை விலக்கி, ஒரு தட்டை வெளியே இழுத்தாள்.

தைலம்மாள் குனிந்து பார்த்தாள். அறை முழுக்க அந்தச் சத்தம். கத்தப்போகிறாள் என்று பவானி காத்திருந்தாள். ஆனால் மாமியார் முகத்தில் வந்தது நிம்மதி. புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி. அது அடங்கிய பிறகுதான் கோபம் வந்தது.

"புழுவு மேலயாடி என்னப் படுக்க வெச்சீங்க, புருஷனும் பொண்டாட்டியும்?" தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள், மின்விசிறியைத் திட்டினாள். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் தலையணையோடு உள்ளே வந்தாள். "தட்டையெல்லாம் கால்மாட்டுக்குத் தள்ளி வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாள். பவானி தள்ளி வைத்தாள்.

அந்த வருஷம் மார்கழியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. கரண்டு போனால் மீன்களுக்குக் காற்று விடும் மோட்டார் நின்றுவிடும் என்று இளவரசு முந்தின நாளே கடையில் தங்கிவிட்டான். சிதம்பரத்திலும் காற்று ஓடுகளைப் பிடுங்கியது. கடலூர்ப்பக்கம் ஒன்றுமே மிச்சமில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். போன் போகவில்லை. மாமியாரும் மருமகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வேலை செய்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். ஆலப்பாக்கம் வரை நடந்து, அங்கிருந்து ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். கையில் மீன் வரும் அட்டைப்பெட்டி. கூடத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். தைலம்மாள் அவன் தலையைத் தடவினாள்.

பெட்டிக்குள் பனங்காடை என்கிற பறவை ஒன்று. இறகெல்லாம் நனைந்து ஒட்டி, ஒரு பக்கச் சிறகு தொங்கிக்கொண்டிருந்தது. தைலம்மாள் ஊறிய அரிசியை வைத்தாள். அது தொடவில்லை. பவானி ஒரு புழுவை எடுத்து அதன் முன்னால் விட்டாள். பறவை தலையைச் சாய்த்தது. புழு நெளிந்தது. ஒரே கொத்து.

"இன்னொன்னு குடு" என்றான் இளவரசு. வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவன்தான் ஊட்டினான். காலையிலும் மாலையிலும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோலமாவு டப்பாவின் மூடியில் புழுக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினான். நீட்டிக்கொண்டே, பவானியைப் பார்க்காமல், பறவையிடம் சொல்வதுபோலச் சொன்னான். கூரை ஷீட்டு பறந்தது. மோட்டார் நின்றதும் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காற்று கொடுக்கப் பார்த்தான். தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. விடிந்ததும் மைதானத்துப் பக்கம் நடந்தபோது விழுந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் இது கிடந்தது. "மீன ஒண்ணும் செய்ய முடியல. இதையாவது எடுத்துக்கலாம்னு தோணுச்சி."

பவானி கேட்டுக்கொண்டே கேரட் நறுக்கினாள். ஊரில் இன்னும் கரண்டு வரவில்லை. புழுக்களுக்கு அது தேவைப்படவுமில்லை.

பொங்கல் கழிந்தபோது பனங்காடை கூடத்தில் ஜன்னலுக்கும் பரணுக்குமாகப் பறக்கத் தொடங்கியிருந்தது. தைலம்மாளின் தலைக்கு மேல் கர்ரென்று கத்திக்கொண்டு போகும். "இதுக்கு என்னா வாயி!" என்பாள் அவள். கிள்ளை ரோட்டில் வயல்வெளியில் விடலாம் என்று முடிவானதும் தானும் வருவேன் என்று ஷேர் ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

பெட்டியைத் திறந்ததும் அது உடனே பறக்கவில்லை. விளிம்பில் நின்று மூவரையும் பார்த்தது. அப்புறம் சிறகை விரித்தது. கூடத்து அரையிருட்டில் தவிட்டு நிறமாகவே தெரிந்த பறவைக்குள்ளிருந்து வெயிலில் அத்தனை நீலமும் ஒரேயடியாக வெளியே வந்தது. வயலுக்கு மேல் அந்த நீலம் திறந்தும் மூடியும் போய், தூரத்தில் ஒரு கம்பியில் பழுப்பாக உட்கார்ந்தது. தைலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இளவரசு கொஞ்சநேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கடையக் கூட்டணும். நீயும் வர்றியா?" என்றான்.

பவானி அந்தக் கடையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மறுநாள் அவனோடு பஸ் ஏறினாள். வழியெல்லாம் மொட்டை மரங்கள். கடைக்குள்ளே கூரையில்லாத இடத்தில் வெயில் நேராக இறங்கி, கண்ணாடிச் சில்லுகள் தரை முழுக்க மின்னிக்கொண்டிருந்தன. அவன் முன்பக்கம் கூட்ட, அவள் பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி. மழைத்தண்ணீர் விளிம்புவரை நிரம்பி, அதில் வானம் கிடந்தது. விழுந்திருந்த ஓலையைத் தூக்கினாள். வானத்துக்குள் எதுவோ சிதறி ஓடியது. குனிந்து பார்த்தாள். சின்னச்சின்ன கப்பி மீன்கள், அவற்றின் நடுவே கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள்.

"மாமா" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க. துடைப்பத்தப் போட்டுட்டு வாங்க."