இரண்டாம் ஓலை வாசிக்குமுன்

பூசைக்குப் பிந்தி வந்து முந்திப் போகிறவர்கள்கூடக் கல்யாண ஓலை வாசித்து முடிக்கும்வரை கோயிலை விட்டு நகரமாட்டார்கள். யார் வீட்டுப் பையனுக்கு எந்த ஊரில் பெண் என்று தெரிந்துகொள்வதில் அப்படியொரு ருசி. அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மரியநட்சத்திரத்தின் மகன் ததேயுசுக்கும், கணவனைக் கடலில் பறிகொடுத்த சிந்தியாவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருப்பதாக வாசித்தார். இது முதல் ஓலை. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வழக்கம்போலச் சேர்த்துக்கொண்டார். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. ததேயுசின் தங்கை சகாயசெல்வி மட்டும் அன்று வாங்கினாள்.

செல்விக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, இப்போது கேட்பாரும் இல்லை. கோட்டாற்றில் தையல்கடை, கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. ஞாயிறுதோறும் பஸ் ஏறி ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊருக்கு வந்து பூசை கண்டு, அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழுமுன் திரும்பிவிடுவாள். அந்த வீட்டில் இரவு தங்கமாட்டாள்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது பதினாறு வயது அண்ணன் அவள் உடம்பில் கைவைத்தான். ஒருநாள் அல்ல, மூன்று வருஷம். பன்னிரண்டாவது வயதில் அம்மாவிடம் சொன்னாள். மரியநட்சத்திரம் மகளின் வாயைப் பொத்தினாள். அடுத்த மாதமே கன்னியாஸ்திரீகளின் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டாள். அண்ணன் வீட்டில் இருந்து பொரித்த மீன் தின்றான். செய்தவனுக்கு வீடு, சொன்னவளுக்குப் போர்டிங். அம்மாவின் நீதிமன்றத்தில் தீர்ப்பு அப்படி.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாள்படியிட்ட போதெல்லாம் செல்வி அதைத் தன் பாவமாகவே சொல்லிவந்தாள். "கற்புக்கு விரோதமாகப் பாவம் செய்தேன், சாமி." அந்தப் பக்கம் இருந்தவர் யார் செய்தது என்று கேட்கவில்லை. பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். கத்தியிருக்கலாம், தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம், ஏன் சும்மா இருந்தேன் என்று அவள் தன்னையே இருபத்தாறு வருஷமாகக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சிந்தியா கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். கூடவே மகள் அஜிதா. பிள்ளைக்கும் ஒரு கவுன் தைக்கவேண்டும்.

"எத்தன வயசு மக்களே?"

"ஒம்பது மாமி. கையில ஃபிரில் வைப்பியளா?"

செல்வி டேப்பைப் பிள்ளையின் முதுகில் வைத்தாள். தோள் பத்தரை அங்குலம். தப்பாக இருக்கும் என்று மறுபடி வைத்தாள். பத்தரையேதான். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தைத்தவள்தான். ஆனால் வயதைக் கேட்டு, அந்த எண்ணைப் பார்த்து, இது நான் என்று நினைத்தது அன்றைக்குத்தான். ஒரு சாண் சொச்சம். இதை வைத்துக்கொண்டா நான் அவனைத் தள்ளியிருக்கவேண்டும்? டேப் கையிலிருந்து வழுக்கி விழுந்தது.

பிள்ளை அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "கல்யாணம் கழிஞ்சா எனக்கு மாடியில தனி ரூமாக்கும் மாமி. புது அப்பா சொன்னாவ."

செல்வி அன்று சாயங்காலமே கடையைப் பூட்டிவிட்டு அம்மாவிடம் போனாள். சவூதியின் தமாமிலிருந்து லீவில் வந்திருந்த ததேயுஸ் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தான்.

"இந்தக் கல்யாணம் வேண்டாம் அம்மா. அங்க ஒரு பொட்டப்பிள்ளை இருக்கு."

மரியநட்சத்திரம் எதற்கென்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. "அது என்னைக்கோ கழிஞ்ச கதை. இப்பம் என்னத்துக்குட்டி அதைக் கிண்டுத? அவன் அப்பம் அறியாத பய."

"அவனுக்கு அறியாத வயசுன்னா எனக்கு எந்த வயசும்மா?"

"இப்பம் அவன் திருந்திட்டான்."

"திருந்தியிருக்கலாம். அதைச் சோதிச்சுப் பாக்க ஒரு பிள்ளையையா குடுப்பாவ?"

கிழவி அழ ஆரம்பித்தாள். "எனக்கு இருக்கது ரெண்டு பிள்ளையளு. ஒண்ணுக்காக வேண்டி இன்னொண்ணை எப்பிடிட்டி விடுவேன்?"

"அன்னைக்கு என்னைய விட்டியே."

மரியநட்சத்திரம் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை செல்வி சிந்தியாவின் ஊருக்குப் போனாள். சிந்தியா முற்றத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளை காக்கா விரட்டிக்கொண்டிருந்தது. வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்த பேச்செல்லாம் செல்விக்கு மறந்துபோயிற்று.

"ஒம் பிள்ளைக்க வயசுல எங்க அண்ணன் என்னைய..."

அதற்குமேல் சிந்தியாவுக்குக் கேட்கவேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். செல்வி வெயிலில் நின்றாள். மாதாவே, ஒன்றும் நடந்திருக்கக் கூடாது, ஒன்றும் நடந்திருக்கக் கூடாது என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரங்கழித்துச் சிந்தியா வெளியே வந்தாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா கேட்டுட்டேன். ஒண்ணும் இல்ல." உடனே கோபம் வந்துவிட்டது. "மொத ஓலைக்கு முந்தி சொல்லப்படாதா அக்கா? ஊரு பூரா அறிஞ்சாச்சே!"

"சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல்ல."

சிந்தியா வாசற்படியில் உட்கார்ந்தாள். "ரெண்டாம் ஓலை வாசிக்காம நான் நிறுத்திக்கிடுதேன். ஒங்க பேரு வெளிய வராது."

"வரட்டும். எம் பேரைச் சொல்லியே நிறுத்து. சாமியாருட்ட நானும் வாறேன்."

சிந்தியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்பம் ஒங்களுக்கு ஆரு இருந்தா அக்கா?"

இருபத்தாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒருத்தரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மீன் காய்ந்த மணலிலேயே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, செத்தவீட்டில் அழுவதுபோல அழுதாள். அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்காக அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருத்தர் அழுதார்கள். சிந்தியா மீன்கையோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேறு இரண்டு ஓலை வாசித்தார்கள். ததேயுசின் பெயர் இல்லை. கோயிலுக்குள் கசமுசவென்று பேச்சு ஓடியது, தலைகள் திரும்பின. ததேயுஸ் வரவில்லை. மரியநட்சத்திரம் எப்போதும் மகளோடு உட்காருகிறவள், அன்று இரண்டு பெஞ்சு தள்ளி முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். செல்வி குனியாமல் உட்கார்ந்திருந்தாள். உடம்பு லேசாகத்தான் இருந்தது. ஆனால் கண் அம்மாவின் நரைத்த கொண்டைக்கே திரும்பத் திரும்பப் போயிற்று.

பூசையின் கடைசிப் பகுதியில் சாமியார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் கைகூப்பித் திரும்பினார்கள். மரியநட்சத்திரம் வலப்பக்கம் கூப்பினாள், இடப்பக்கம் கூப்பினாள். பின்னால் திரும்பியபோது மகளைக் கண்டாள். கூப்பிய கை தளர்ந்து இறங்கியது. அவள் பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அம்மா நம்பவில்லை என்றால்கூடத் தாங்கியிருக்கலாம். நம்பினாள், அன்றைக்கும் நம்பினாள், இன்றைக்கும் நம்புகிறாள். அதுதான் செல்வியை அறுத்தது.

அவள் அந்த முதுகைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சமாதானம் அம்மா."

மரியநட்சத்திரத்தின் தோள் குலுங்கியது. அவள் திரும்பவில்லை.