ஐந்தாவது ஹோலின் வலது பக்கம்

எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது, படம் எடுக்கத்தான் தெரியும். பிரிக்ஃபீல்ட்சில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கிள்ளான் பக்கத்து கோல்ஃப் கிளப் ஒன்று வருடா வருடம் காலண்டர் படத்துக்கு என்னைக் கூப்பிடும். அட்டையில் எப்போதும் பதினோராவது ஹோல்தான். ஏரி, நடுவில் தீவு மாதிரி ஒரு புல் திட்டு, மூன்று தென்னை. பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அதில் மண்ணைப் போட்டவள் மாதவி. கிள்ளானில் பல் டாக்டர். படத்தில் ஆடுவது போல நிற்க ஆள் வேண்டுமென்று கிளப்பில் அவளை அனுப்பியிருந்தார்கள்.

"பாக்க அழகுதான், யுகேந்திரன். ஆடுறதுக்கு என்னா இருக்கு? தண்ணிய தாண்டி அடிக்கணும், அவ்ளோதான் லா. யோசிக்கவே வேணாம். வாங்க, அஞ்சாவது ஹோல காட்டுறேன்."

போய்ப் பார்த்தால், சப்பையான புல்வெளி. வலது ஓரம் முழுக்க மழைத்தண்ணீர் ஓடும் லோங்காங், திறந்த வடிகால். பின்னால் மின்கம்பிக் கோபுரம். இதற்கா இவ்வளவு தூரம் நடக்க வைத்தாள் என்று எரிச்சலாக வந்தது.

"இடது பக்கம் அடிச்சா பயமே இல்ல. ஆனா அங்கேர்ந்து பாத்தா குழியில நிக்கிற கொடிய மணல்மேடு மறைச்சிக்கும். லோங்காங்க ஒட்டி அடிச்சா பந்து உள்ள போனாலும் போயிரும். போவலன்னா, வழி அப்படியே தெறந்து கெடக்கும். ஒவ்வொரு தடவையும் இங்க வந்து எந்தப் பக்கம்னு நின்னுடுவேன். வீட்டுக்குப் போயும் இதே ஞாபகம்."

கல்யாணப் படக்காரனுக்கு இது புரியாமல் போகாது. நான் எடுத்த மிக அழகான ஆல்பத்தின் ஜோடி ஒரே வருடத்தில் பிரிந்துவிட்டது.

அதன் பிறகு மூன்று வருடம், அவள் ஆடும் சாயங்காலங்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். காலண்டருக்கு அத்தனை படம் எந்த மடையனுக்கும் தேவையில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை. சொல்லி, அவள் மாட்டேன் என்றால் அந்த நடையும் போய்விடுமே என்று பயந்தேன்.

வெளிநாட்டில், பெர்த்தில் வேலை கிடைத்து அவள் போவதற்கு முதல் நாள், ஐந்தாவது ஹோலில் தன் ஏழாம் நம்பர் மட்டையை என் கையில் கொடுத்தாள்.

"ஒரு தடவை அடிங்க."

லோங்காங்கைப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பி அடித்தேன். பந்து தவழ்ந்துபோய்ப் புல்லில் பத்திரமாக நின்றது.

"ரொம்ப சேஃப்பா அடிச்சிட்டீங்க," என்றாள். மட்டையைத் திருப்பி வாங்காமலே நடந்தாள்.

போன வாரம் கிளப்பில் செய்தி சொன்னார்கள். ஐந்தாவது ஹோலைத் தோண்டி அங்கேயும் ஓர் ஏரி வெட்டப்போகிறார்களாம், காலண்டருக்கு நன்றாக இருக்குமாம். மாதவிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். "தோண்டுறதுக்கு முன்னால ஒரு படம் அனுப்புங்க," என்று கேட்டாள்.

இன்று போனேன். நின்று, படுத்து, குந்தி உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புல், லோங்காங், கோபுரம். அவள் வீடுவரை கொண்டுபோனது எதுவும் படத்தில் விழவில்லை.

என் காடியின் பின்சீட்டில் அவள் மட்டையும் ஒரு பந்தும் கிடந்தன. எடுத்துவந்து, இந்த முறை வலது பக்கம் திரும்பி நின்றேன். பந்து லோங்காங்கை ஒட்டியே கொஞ்ச தூரம் ஓடி, உள்ளே விழுந்தது.

கலங்கல் தண்ணீரில் கிடந்த பந்தைப் படமெடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: "வலது பக்கம் அடிச்சேன். போவாதீங்கன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். இன்னும் உங்க நெனப்பாவே இருக்கேன்."

அவள் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பிறகு பதில் வந்தது.

"அன்னிக்கு டிக்கெட் என் பையிலதான் இருந்திச்சி. வலது பக்கம் அடிச்சிருந்தா கிழிச்சிப் போட்டிருப்பேன்."

அவ்வளவுதான். வேறொன்றும் வரவில்லை. மட்டையை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.