சான்று இல்லாத பத்தி

என் தங்கை சந்திரம்மாளுக்கு அச்சடித்த மாதிரி கையெழுத்து. நான் பாலக்கரை வெற்றிலை மண்டியில் சீட்டெழுதுகிறவன். எழுதியது என்னவென்று முதலாளி மறுநாள் என்னையே கூப்பிட்டுக் கேட்பார். சில நாள் எனக்கும் தெரியாது. அதனால் ஸ்ரீரங்கத்து வாசகசாலை ஒன்று ‘பெண் கல்வி’ பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தபோது, நல்ல பிரதி எடுக்க அவளிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

எட்டாவதில் முதலாவதாகத் தேறிய அவளை, அப்பா போன கையோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பிய புண்ணியவான் நான்தான். ஒன்பதாவதில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டுரைக்கும் அதே வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி.

அவள் மறுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முதலில் குறிப்புகள் வேண்டும் என்றாள். இருபது எழுதினேன், பதினான்கை அடித்துவிட்டு, இதெல்லாம் மேடையில் சோடா குடித்துக்கொண்டே பேசுகிற பேச்சு என்றாள். மிச்சத்தை வரிசைப்படுத்தச் சொன்னாள். பிறகு முன்னுரை. உலகம் தோன்றியதில் தொடங்கிக் காவிரி முக்கொம்பில் பிரிகிறவரை வந்திருந்தேன்.

“நீங்க முக்கொம்புக்குப் போயிட்டீங்க. தலைப்பு இன்னும் பாலக்கரையில பஸ்ஸுக்கு நிக்குது.”

முன்னுரையும் போயிற்று. பத்திக்கு ஒரு சான்றாவது வேண்டும் என்றாள். மூன்றாம் பத்திக்குச் சான்று கிடைக்கவில்லை. யோசித்து யோசித்து, ‘என் தங்கையை நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன்’ என்று எழுதிவைத்தேன். கட்டுரைதானே.

வியாழக்கிழமை பிரதி வந்தது. நான்கு தாள், ஓரத்தில் கோடு. மூன்றாம் பத்தியில் மட்டும் இரண்டு வரி வெள்ளையாக இருந்தது.

“ஏன் விட்டே?”

“பொய்யை நான் நகல் எடுக்க மாட்டேன். வேணும்னா உங்க கையாலயே எழுதிக்குங்க. யாருக்கும் புரியாது, தப்பிச்சுக்கலாம்.”

அந்த வரி இல்லாமலே படித்துப் பார்த்தேன், பத்தி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சான்றாக வைத்துப் பார்த்தேன். அவளும் அடுப்படியில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் வசவு வாங்கிக்கொண்டு அரை நாள் லீவு போட்டேன். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். நீளமான வரிசை. என் கையெழுத்தைப் பார்த்த குமாஸ்தா, இது கையெழுத்தா கறையா என்று கேட்டு மூன்று தடவை போட வைத்தார். வெளியே வரும்போது மணி நாலே முக்கால்.

பஸ் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் எங்களை இறக்கியபோது வாசகசாலைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

“ஒழுங்கா ஒரு கையெழுத்துப் போடத் தெரிஞ்சிருந்தா நேரத்துக்கு வந்திருக்கலாம்” என்றாள்.

அவள் படியில் உட்கார்ந்து கட்டுரைத் தாள்களை மடியில் விரித்தாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் அந்த வரியை எழுதினாள். ஒரு சொல் கூடுதலாக இருந்தது: ‘என் தங்கையை நான் தாமதமாக ஒன்பதாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன்.’

தாளை மடிக்கக் கை நீட்டினேன்.

“தொடாதீங்க. மை காயலை.”